வலது கைக்காரர்கள் கண்ணாடியில் பார்க்கவும்

நவம்பர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் தையல் மெஷினும் சௌக்கியம், பெல்ட் மட்டும் அறுந்து புதிது போட்டாயிற்று. உங்கள் இருமல் நின்றதா? "பரவாயில்லை" என்று எழுதாதீர்கள். நின்றதா, இல்லையா என்று எழுதுங்கள்.

ஒரு சேதி. அடுத்த மாதம் நகர மண்டபத்தில் இரண்டு நாள் விடுமுறைச் சந்தை. வீட்டில் செய்த பொருள்களுக்கு மட்டும் மேஜை தருகிறார்கள். நானே விண்ணப்பம் எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. நான் விற்கப்போவது நோட்டுப் புத்தகம் இல்லை, நோட்டுப் புத்தகம் கட்டும் பெட்டி. உள்ளே மடித்த தாள் நான்கு கட்டு, அட்டை இரண்டு, மெழுகு தடவிய நூல், முனை மழுங்கிய ஊசி, புத்தகத்தின் முதுகில் ஒட்ட அம்மாவின் தையல் கடையில் மிஞ்சிய துணி. கூடவே, சங்கிலித் தையல் எப்படிப் போடுவது என்று நான் வரைந்த ஒன்பது படங்களின் நகல். கடையில் வாங்கிய நோட்டை மூலையில் போட்டுவிடுவார்கள். தானே கட்டியதில் கட்டாயம் எதையாவது எழுதுவார்கள் என்பது என் கணிப்பு.

நாற்பது பெட்டிகள் செய்கிறோம். முப்பது போதும் என்றாள் அம்மா. பிறகு நாற்பதுக்குத் துணி வெட்டினதும் அவள்தான்.

கடிதம் சின்னதாக இருக்கிறதே என்று கோபிக்க வேண்டாம். கை வலிக்கிறது.

உங்கள் அன்பு மகள்


டிசம்பர் 7

என் புலவருக்கு,

இருமல் நிற்கவில்லை. குறைந்திருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் கேட்காதே.

உன் கடிதத்தைப் பட்டறையில் சாப்பாட்டு வேளையில் படித்தேன். எழுத்தெல்லாம் வரிசையில் நிற்கிறது. வலது கை பழகிவிட்டது என்று பார்த்தாலே தெரிகிறது. நான் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாய், சந்தோஷம். வகுப்பில் நீ இன்னும் இடது கையால்தான் எழுதுகிறாய் என்று டீச்சர் சொன்னதாக அம்மா எழுதியிருந்தாள். அவர் வேறு யாரையோ பார்த்திருப்பார் என்று பதில் போட்டிருக்கிறேன்.

சந்தை வேண்டாம் அம்மா. மார்ச்சில் பொதுத் தேர்வு. அதோடு, நாலு பேர் முன்னால் கைவேலை செய்து காட்டினால் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். உலகத்தில் கத்தரிக்கோலிலிருந்து என் லேத் மெஷின் வரைக்கும் எல்லாமே வலது கைக்குத்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அதை மாற்ற நாம் யார்? மேஜையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிக்கிற வழியைப் பார்.

அன்புடன்
அப்பா


டிசம்பர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

மேஜையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மை தேய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுதிய இடத்தின் மேலேயே இடது கை நகரும், அதனால் தேய்கிறது. என் சுண்டுவிரலின் ஓரம் முழுக்க நீலம். டீச்சர் வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

நீங்கள் போனதிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் நான் இரண்டு முறை எழுதுகிறேன். முதலில் இடது கையால். எனக்கு யோசனை அதில்தான் வரும். பிறகு அதைப் பார்த்து வலது கையால் எழுதி உங்களுக்கு அனுப்புவேன். பாதியில் கை வலிக்கும், அதனால் பாதி விஷயத்தை விட்டுவிடுவேன். உங்களுக்கு வந்ததெல்லாம் பாதிக் கடிதங்கள். முழுக் கடிதங்கள் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் இருக்கின்றன.

இனி சந்தை. முதல் நாள் பதினாறு பெட்டிகள் போயின. மறுநாள் காலை கதவு திறந்ததும் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒரு நர்ஸ் அக்கா, தான் கட்டியதைத் தூக்கிக் காட்டினார். புத்தகமாக இல்லை, குருவிக்கூடாக இருந்தது. படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது படத்திலும் ஊசி இடது கையில் இருந்தது. என் கையைப் பார்த்து வரைந்தேன், வேறு எப்படி வரும்? வலது கைக்காரர்களுக்குத் தையல் எதிர்ப்பக்கம் ஓடிச் சிக்கிக்கொண்டது. அம்மாதான் படங்களைச் சரிபார்த்தாள். பதினைந்து வருஷமாக என் கையையே பார்த்தவளுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

சந்தையின் செயலாளர் அம்மாள் வந்தார். கெட்டவர் இல்லை. "தப்பா வரைஞ்சிட்டேன்னு சொல்லிட்டுப் பெட்டியெல்லாம் உள்ள எடுத்து வச்சிரும்மா. சின்னப் பொண்ணு, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"தப்பா வரையலைங்க. இடது கையால வரைஞ்சேன்" என்றேன்.

திரும்பி அம்மாவிடம், கடைக் கண்ணாடி வேண்டும் என்றேன். துணி போட்டுப் பார்க்கிறவர்களுக்காக மாட்டியிருக்கிற ஆளுயரக் கண்ணாடி. "அதைத் தூக்க ரெண்டு பேர் வேணும்டி" என்றாள் அம்மா. அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாடகை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்து மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அட்டையில் பெரிதாக எழுதினேன்: "இடது கைப் பெட்டிகள் இங்கே கிடைக்கும். வலது கைக்காரர்கள் படத்தைக் கண்ணாடியில் பார்க்கவும்."

சிரித்தார்கள். பக்கத்து மேஜை மெழுகுவர்த்திக்காரர், "என்னம்மா, ஊரையே திருப்பி நிக்க வைக்கிறே?" என்றார்.

"ஒரு நாள்தானேண்ணா. நாங்க தினமும் நிக்கிறோம்" என்றேன்.

நர்ஸ் அக்கா படத்தைக் கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டே பிரித்துக் கட்டினார். அரை மணியில் புத்தகம் ஆகிவிட்டது. அதைப் பார்த்து மற்ற நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்கு வரிசை நின்றது. மத்தியானம் ஒரு பஸ் கண்டக்டர் வந்து படத்தை எடுத்துப் பார்த்தார். ஊசியை இடது கையில் பிடித்துப் பார்த்தார். "எனக்குன்னே வரைஞ்ச மாதிரி இருக்கேம்மா" என்றார். இடது கையால் டிக்கெட் நீட்டினால் வாங்க மறுக்கிறவர்களும் உண்டாம். கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் அங்கேயே கட்டி முடித்தார். ஒரு பல் டாக்டரம்மா என் காதருகே குனிந்து, தானும் அப்படித்தான் என்றார், ஏதோ திருடியதை ஒத்துக்கொள்கிற மாதிரி. சத்தமாகவே சொல்லலாம் டாக்டர் என்றேன்.

சாயங்காலம் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியிருந்தது. மிஞ்சவில்லை, நான்தான் எடுத்து ஒளித்துவைத்தேன். உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் வலது கைக்காரர், ஆளுயரக் கண்ணாடியைத் தபாலில் அனுப்ப முடியாது. சவரக் கண்ணாடியை வைத்துச் சமாளியுங்கள்.

தேர்வையும் இந்தக் கையால்தான் எழுதுவேன். திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

வாக்குத் தவறிய உங்கள் மகள்


ஜனவரி 11

புலவருக்கு,

இது உன் பெட்டியில் நான் கட்டிய புத்தகத்தின் முதல் தாள். கிழித்தால் தையல் விட்டுப்போகும், அதனால் புத்தகத்தையே அனுப்புகிறேன். தவறினால் அழிக்க வசதியாகப் பென்சிலில் எழுதுகிறேன். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருக்கும். சிரிக்காதே.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் பெட்டியைத் தொடவில்லை. அவ்வளவு கோபம். ஞாயிற்றுக்கிழமை அறைக்காரர்கள் எல்லோரும் வெளியே போனபிறகு திறந்தேன். வலது கையால் போட்டேன், சிக்கியது. பிரித்துப் போட்டேன், மறுபடியும் சிக்கியது. நீ சொன்னபடி சவரக் கண்ணாடியை எடுக்க எழுந்தவன் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஊசியைக் கை மாற்றிப் பிடித்தேன். கண்ணாடி தேவைப்படவில்லை.

என் இடது நடுவிரல் நுனி எங்கே போனது என்று சின்ன வயதில் கேட்பாய். மெஷின் தின்றுவிட்டது என்பேன். லேத்தை நிறுத்துகிற பொத்தான் வலது பக்கம் இருக்கிறது. அன்று அவசரத்தில் என் இடது கை முந்திக்கொண்டு, சுற்றுகிற இரும்புக்கு மேலே நீண்டது. பள்ளியில் அடித்து அடித்து மறக்கவைத்த கை, அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. உன் கை அப்படி நீளக்கூடாது என்றுதான் பஸ் நிலையத்தில் வாக்குக் கேட்டேன். அம்மாவுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை.

எனக்கு இடது கையாலேயே எழுது. செருப்புப் பெட்டியில் இருப்பதையும் அனுப்பு. தேர்வை மட்டும் வலது கையால் எழுதிவிடு அம்மா. மை தேய்ந்த தாளைப் பார்த்தால் திருத்துகிறவர் மார்க் குறைப்பார். ஒரு முறைதானே.

அன்புடன்
அப்பா


ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தகம் வந்தது. மூன்றாவது ஓட்டையில் நூல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மற்றபடி தையல் நேர். எழுத்தைப் பார்த்து, யார் அனுப்பினது என்று கேட்டாள் அம்மா. சொன்னேன். இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்து படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தேர்வை இடது கையால்தான் எழுதுவேன். சீக்கிரம் காய்கிற மையாகப் பார்த்து வாங்கிவிட்டேன். இந்தக் கடிதம் அதில் எழுதியதுதான், தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறைதானே என்று உங்களுக்கும் யாரோ சொல்லித்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

செருப்புப் பெட்டியில் இருபத்திமூன்று கடிதங்கள் இருந்தன. எல்லாம் இந்தப் பார்சலில் இருக்கின்றன. சிலவற்றில் உங்களைத் திட்டியிருக்கிறேன். அவற்றையும் எடுக்கவில்லை.

புத்தகத்தையும் திருப்பி அனுப்புகிறேன், மீதித் தாள்களில் நீங்கள் எழுத வேண்டும். முதல் தாளில் நீங்கள் பென்சிலில் எழுதிய ஒவ்வோர் எழுத்தின் மேலும் நான் பேனாவால் எழுதிவிட்டேன். இனிமேல் அதை அழிக்க முடியாது.

உங்கள் கையைக் கொண்டு பிறந்த மகள்