வைக்கோல் லாரியின் உச்சியில்

நீடாமங்கலம்
மாசி 3

அன்பு மகள் சுடர்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி அன்பரசனும் சுகமாய் இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அதனால்தான் காகிதம். அன்பரசன் இதைப் படம் பிடித்து இன்றே அனுப்புவான், நீ ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்துவிடும். சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் வியாபாரம் சூடாக இருக்கிறது, அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, சிவப்புக் கிடாரி சினையாய் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே உன் பொறுப்பில் விடுகிறோம் என்கிறார்கள், நீயோ வேண்டாமென்று பதில் எழுதி வைத்திருக்கிறாய். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் வாயடைத்து நின்றதிலிருந்து நாலு பேர் முன்னால் பேச எழவே பயமாய் இருக்கிறது என்றாய். உனக்கென்னம்மா, நீ எதுக்கும் பயப்பட மாட்டே என்றும் சொன்னாய். அது பொய், சுடர்.

இரண்டு வருஷம் முன்பு வைக்கோல் லோடு மேலிருந்து நான் விழுந்தது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஏறவேயில்லை என்பது தெரியாது. முதலாளியம்மா எதுக்கு ஏறணும் என்று கவுரவம் பேசிக்கொண்டு, கீழே நின்று கண்ணாலேயே பார்த்து அனுப்பினேன். பனியில் நனைந்த வைக்கோலைக் கட்டினால் வெயில் ஏற ஏற உலர்ந்து அமுங்கும், கயிறு தொய்யும், மேலே போய்த் தொட்டால்தான் தெரியும். போன மாசம் நான் தொடவில்லை. கோரையாற்றுப் பாலத்துத் திருப்பத்தில் பாதி லோடு சரிந்து ஆற்றில் விழுந்தது, நல்லவேளை யாருக்கும் அடியில்லை. லாரி ஓட்டின மீரா உசேன் பாயைத்தான் ஊரறிய ஏசினேன். ஏசுங்கக்கா, ஆனா கயித்தத் தொட்டுப் பாத்தீங்களா என்று மட்டும் கேட்டார்.

போன வியாழக்கிழமை விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. பயம் போகட்டும் என்று இரண்டு வருஷம் காத்தாயிற்று, அது போகிற வழியாய் இல்லை, ஏணியில் காலை வைத்துவிட்டேன். உச்சியில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். திறந்தால் கீழே ஊரே இல்லை சுடர். எங்கும் வெள்ளை, அதில் தென்னந்தலைகள் மட்டும் மிதந்தன, ஆறு இருந்த இடத்தில் பனி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, மன்னார்குடி ரயில் கண்ணில் படாமல் கூவிக்கொண்டு போனது, ஈர வைக்கோல் வாசத்தில் நான் யார், எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது. அக்கா, தூங்கிட்டீங்களா என்று பாய் கத்தினபோதுதான் கயிறு ஞாபகம் வந்தது. வெயில் வந்து வைக்கோல் உலரும்வரை அங்கேயே இருந்து திரும்ப இறுக்கினேன். பயம் அப்படியேதான் இருந்தது, கை தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டது. கூலிக்குப் போன காலத்திலிருந்து பழகின கை.

அப்புறம்தான் கூத்து, இறங்க முடியவில்லை. ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றியது. கவுரவம் பார்த்தால் லோடோடு அது போகிற பாலக்காட்டுக்கே போகவேண்டியதுதான். பயமா இருக்கு பாய், எறக்கி விடுங்க என்று அத்தனை லோடுமேன்கள் முன்னாலும் சொன்னேன். நன்றாகத்தான் சிரித்தார்கள். அங்க மாடுங்க உங்களத் திங்காதுக்கா என்றார் பாய். சிரித்துக்கொண்டே மிச்சக் கட்டுகளை லாரியோரம் படி மாதிரி அடுக்கினார்கள், மகாராணி போல இறங்கினேன். பாலத்தில் சரிந்தது என் தப்புதான் என்று பாயிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

பேசும்போது நடுவில் முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டாயே. அங்கிருந்தே குரல் கொடு. பதட்டமாய் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடமே சொல். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அதில் ஒருத்தராவது கட்டு அடுக்குவார். அந்த வேண்டாம் கடிதத்தைக் கிழித்துப் போடு, பயத்தோடேயே சரி என்று சொல். அந்தக் குளிரில் காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. வெள்ளிக்கிழமை சொன்ன கையோடு எனக்குப் போன் போடு. உடனே எடுக்காவிட்டால் பயப்படாதே, லாரி மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

நீ எடுத்ததெல்லாம் துலங்கி, நோய் நொடியில்லாமல் நல்லாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கம்மாள்