சாய நாற்றத்துக்கேற்ற ஊதுபத்தி

ஜூன் 3
மல்லிகை தோற்றுவிட்டது. வீட்டின் பின்புறச் சாயப்பட்டறையிலிருந்து வரும் கந்தக நாற்றத்தோடு அது கலந்தபோது, பிணவறையில் பூச்சொரிந்தது போல் இருந்தது. மனைவி சாந்தாமணி இருமிக்கொண்டே பத்தியை அணைத்தாள். அடுத்து எந்த மணத்தை வாங்குவதென்று இருவரும் உட்கார்ந்து ஆலோசித்தோம். வேதியியலில் முதுகலை முடித்துக் கல்லூரியில் கற்பித்தவனுக்கு வாய்த்த ஆராய்ச்சி இது.

ஜூன் 5
சந்தனம். பயனில்லை.

ஜூன் 8
பட்டறை சாந்தாமணியின் தம்பி மகுடேஸ்வரனுடையது. அனுமதி கிடையாது, கழிவுநீர் நேராக ஓடையில் இறங்குகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் மனு எழுதிவிட்டேன். சாந்தாமணி கொடுக்க விடவில்லை. "ஏனுங்க, பொண்ணுக்குச் சீர் செய்யோணுமில்லீங்க. தாய்மாமன் இல்லாம மேடையில என்னன்னு நிக்கிறது?"
மகள் தேஜஸ்ரீயை இருபதாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். அதுவரை, இல்லை, முகூர்த்தம்வரை, நான் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜூன் 14
மகுடேஸ்வரன் வந்தான். கையில் ஒரு பெட்டி ஊதுபத்தி, மரிக்கொழுந்து. "மைசூர்ல இருந்து வரவச்சதுங்க மச்சான். கொளுத்துனா ஊடே கோயிலாட்ட ஆயிரும்." குற்றவாளியே பரிகாரத்தையும் கொண்டுவருகிறான். வாங்கிக்கொண்டு, காப்பி கொடுக்கச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை — உயர்த்தியிருக்க வேண்டுமோ?

ஜூன் 20
வந்தார்கள். கூடத்தின் மூலைகளிலெல்லாம் மரிக்கொழுந்து புகைந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பனியன் கம்பெனி முதலாளி. உட்கார்ந்ததும் மூச்சை இழுத்து முகர்ந்தார். சாந்தாமணியின் முகம் செத்துப்போயிற்று. அவரோ சிரித்தார். "பொறத்தால சாயம் ஓடுதாட்ட இருக்குதுங்க? நமக்குச் சோறு போடற வாசமுங்க இது. எங்கூட்டுக்குப் பின்னாலயும் இதேதானுங்க."
மகுடேஸ்வரனும் அவரும் அங்கேயே ஆர்டர் பேசி முடித்தார்கள். சம்பந்தமும் முடிந்ததாம்.
அவர்கள் போனபின், தேஜஸ்ரீ பலகாரத் தட்டுகளை அடுக்கியபடியே கேட்டாள்: "அங்க போயும் நான் பத்தி கொளுத்தோணுமுங்களாப்பா?"
மூலைகளில் புகைந்துகொண்டிருந்த பத்திகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்.

ஜூன் 21
மனுவைக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 9
பட்டறையின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மகுடேஸ்வரன் வாசலில் நின்றபடி, இனித் தனக்கு அக்காளும் இல்லை, செய்ய வேண்டிய சீரும் இல்லை என்று சொல்லிப் போனான். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை.

ஜூலை 16
சாந்தாமணி என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.
தேஜஸ்ரீ இன்று பின்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, வெறுந்தரையில் படுத்து, மத்தியானம் முழுவதும் உறங்கினாள்.