உயிர்காப்பாளர் இல்லாத கரை

அன்பு மகள் கிர்ஸ்டினுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அலாஸ்கா குளிரில் நீயும் உன் பள்ளிப் பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் முதல் பனி விழுந்துவிட்டது, நான் நட்ட தேர்தல் பலகைகளைப் பிடுங்க முடியாமல் மண் இறுகிக் கிடக்கிறது, அப்பா கடப்பாரையோடு தெருத்தெருவாகப் போகிறார்.

தோற்றுவிட்டேன். அப்பா போனில் சொல்லியிருப்பார், வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில்தான் சொல்லியிருப்பார். அறுபத்து மூன்று ஓட்டு வித்தியாசம். பூங்கா வாரியத்தில் நம் வட்டாரத்து இடம் நீ படித்த பள்ளியின் உடற்பயிற்சி வாத்தியார் ஹாஸுக்குப் போய்விட்டது. கெட்ட மனிதர் இல்லை. ஏரிக்கரையில் ஆடுகளம் கட்டுவேன், நாய்களுக்குத் தனி வேலி போடுவேன் என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்று, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கரையில் உயிர்காப்பாளர் உட்கார வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று வாரியம் அந்த உயர நாற்காலியை எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. உன் தம்பி எவரெட் அங்கே மூழ்கி ஐந்து வருஷம். அவன் போன பிறகும் ஒரு எச்சரிக்கைப் பலகைதான் வைத்தார்கள். வரும் கோடையிலும் அந்தப் பலகைதான் பிள்ளைகளைக் காக்கப் போகிறது.

மூன்று மாதம் கால் தேய நடந்து ஆயிரத்து நூறு கதவு தட்டினேன். ஒரு கதவிலும் எவரெட் பெயரைச் சொல்லவில்லை. அவன் பேரைச் சொல்லும்மா என்று செப்டம்பரில் நீ போனில் சொன்னபோது, பிள்ளையின் சாவைக் காட்டி ஓட்டுக் கேட்கச் சொல்கிறாயா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். நம் ஊர்க்காரர்களை உனக்குத் தெரியும், அடுத்தவர் வாசலில் போய் நம் துக்கத்தை இறக்கி வைப்பது இங்கே மரியாதை இல்லை. அவர்களும் அவன் பேரை எடுக்கவில்லை. ஒருவர் இருபது நிமிஷம் ஏரிக்கரையில் கிடக்கும் வாத்து எச்சத்தைப் பற்றியே பேசினார், அவர் மனைவி பின்னால் கண் கலங்கி நின்றுவிட்டு, கடைசியில் ஒரு டப்பா பிஸ்கட்டைக் கையில் திணித்தாள். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். நானும் முட்டாள்தனமாக அதை ஓட்டு என்று எண்ணிக்கொண்டேன்.

முடிவு வந்த மூன்றாம் நாள் அடுத்த வீட்டு ஆர்டிஸ், சாவு வீட்டுக்குக் கொண்டுவருவது போல, உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட பெரிய பாத்திரத்தோடு வந்தாள். அடுப்பில் எத்தனை நிமிஷம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றாமலே நின்றாள். பிறகு சொன்னாள், "தப்பா எடுத்துக்காத ஜானெல். உனக்காகத்தான் நாங்க ஹாஸுக்குப் போட்டோம். ஜெயிச்சா வாரா வாரம் அந்த ஏரியப் பத்தியே பேசணும், அங்கயே போயி நிக்கணும். பாவம், நீ தாங்க மாட்டேன்னு நெனச்சோம்." நாங்க என்றால் யார் என்று கேட்டேன். நம் தெரு, சர்ச் பெண்கள், பின்தெருவில் பாதி என்றாள். அறுபத்து மூன்றுக்கு மேலேயே வரும். அதற்கும் நான் நன்றி சொல்லிப் பாத்திரத்தை வாங்கி வைத்தேன். அவள் போனதும் கார் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மறுநாள் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, எவரெட் முங்கினப்ப கரையில பாக்க ஒரு ஆள் இல்லை, அதுக்குத்தான் நின்னேன் ஆர்டிஸ் என்றேன். அவள் திகைத்துப்போய், "அத நீ ஒரு தடவகூடச் சொல்லலையேடி" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறது கிர்ஸ்டின். எவரெட் மூழ்கிய அன்றைக்கு நீ ஏன் கரையை விட்டுக் காருக்குப் போனாய் என்று ஊரே கேட்டது, அப்பாவும் கேட்டார். துண்டு எடுக்கப் போனேன் என்றாய். ரொட்டிக்குத் தடவும் கடுகு விழுது பாட்டிலை மறந்துவிட்டேன், ஓடிப்போய் எடுத்து வா, அவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பியது நான். பிறகு சர்ச் பெண்களோடு பேச்சு, ரொட்டி அடுக்கும் வேலை, தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவன் பெயரை எடுத்தால் இதையும் சொல்ல வேண்டுமே என்றுதான் ஆயிரத்து நூறு கதவிலும் வாயை மூடிக்கொண்டேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்தேன். இருபத்திரண்டு வயதில் பழியை வாங்கிக்கொண்டு நீ அத்தனை தூரம் போனாய், நான் போக விட்டேன். நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து உன் அறைக்குப் போய் உன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

கடவுள் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். காருக்குப் பனியில் வழுக்காத குளிர்கால டயர் மாற்றிவிட்டாயா, தள்ளிப் போடாதே. முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு வரப் பார் என்று வருஷா வருஷம் எழுதுவேன், நீயும் பார்க்கிறேன் என்பாய். இந்த வருஷம் அப்படி எழுதவில்லை. வா. நீ இருக்கும்போது ஊர்க்காரர்கள் எல்லோர் முன்னாலும் நான் இதைச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
ஜானெல்