காதுக்குள் ஒரு பிரிக்பீல்ட்ஸ் நடை

14 ஜூலை, திங்கள்

காலையிலிருந்தே புகைமூட்டம். தொண்டைக்கு ஆகாது. மனைவி சரோஜா வெந்நீரில் உப்புப் போட்டுத் தந்தாள், இரண்டு முறை கொப்பளித்தேன். நாளை ரெக்கார்டிங்.

எடுத்துப்போக வேண்டியவை: மூக்குக் கண்ணாடி. கல்கண்டு. நோட்டு. ஐ.சி. அடையாள அட்டை நகல் (எதற்கு என்று தெரியவில்லை, கேட்கிறார்கள்). சட்டை எதுவானாலும் பரவாயில்லை, யாரும் பார்க்கப் போவதில்லை.

முப்பத்தோரு வருடம் சட்டைதான் முதல் கவலை. கம்பெனி நீலச் சட்டையை இஸ்திரி போட்டு, விடிவதற்குள் கிள்ளானில் டூர் பஸ் வாசலில் நின்று, மைக்கைத் தட்டி, "வணக்கம் கிள்ளான், எல்லாரும் பசியாறியாச்சா?" மைக் மணியம் என்று பெயர் வந்தது அப்படித்தான். இப்போது அந்த டிராவல்ஸ் இல்லை. கோவிட்டில் இழுத்த ஷட்டரைத் திரும்பத் தூக்கவில்லை. ஆட்கள் ஊர் சுற்றாமல் இல்லை, முன்னைவிட அதிகம் சுற்றுகிறார்கள். டிக்கெட், ரூம், வாடகைக் காடி எல்லாம் கைப்பேசியிலேயே போட்டுக்கொண்டு இரண்டு பேர், மூன்று பேராகக் கிளம்பிவிடுகிறார்கள். நாற்பது பேர் ஒரே பஸ்ஸில் ஏறுவதுதான் நின்றுபோனது.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கைப்பேசி ஆப் கம்பெனி. சுற்றிப் பார்க்க வருபவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடப்பார், ஒரு குரல் இங்கே நில், அங்கே பார் என்று கூடவே வரும். இங்கிலீஷ், மலாய், சீனம் ஏற்கெனவே இருக்கிறது. விசா வேண்டாம் என்றானதிலிருந்து தமிழ்நாட்டு ஆட்கள் வருவதால் தமிழும் வேண்டுமாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு என் குரல். ஆட்களுக்குப் பிடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே நேரில் கூட்டிப்போகலாம். 'லைவ் வாக்' என்கிறார்கள். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். மறுபடியும் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

15 ஜூலை, செவ்வாய்

கொமுட்டர் ரயில் தாமதம். வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன்.

ரெக்கார்டிங் ரூம் எங்கள் வீட்டு அலமாரி அளவு. சுவரெல்லாம் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாழினி. பூச்சோங் பெண், முப்பது இருக்காது, இந்தத் தமிழ் நடைக்கு அவள்தான் பொறுப்பு. மரியாதையான பிள்ளை.

"அங்கிள், நேச்சுரலா பேசுங்க. பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரி."

"ஆள் இல்லையேம்மா."

"இருக்கிற மாதிரி லா."

முதல் வரி, வழக்கம் போல: "எந்த ஊரும்மா நீங்க?" கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். என் தொழில் அப்படி. முன் சீட்டில் இருப்பவரை ஊர் கேட்பேன், பந்திங் என்றால் ஒரு கதை, ஈப்போ என்றால் வேறு கதை. எழுதி வைத்துப் பேசியதே கிடையாது. யாழினி கண்ணாடியைத் தட்டினாள். "அங்கிள், கேட்டா பதில் வராது. அந்த கேப் எல்லாம் நான் கட் பண்ணிடுவேன்."

மூன்று மணி நேரத்துக்கு நாலு நிமிடம் தேறியது. அவமானமாக இருந்தது.

சரோ: "ஜோக் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"கண்ணாடி. சத்தம் வரல."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

17 ஜூலை, வியாழன்

மழை. புகை கொஞ்சம் அடங்கியது.

இன்று யாழினி தானே ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவுதான், எனக்குப் பிடிபட்டுவிட்டது. கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஆரம்பித்து பூமாலைக் கடைகள் வரை ஒரே மூச்சில் முடித்தேன். மனுஷ முகம் ஒன்று போதும் எனக்கு, நாற்பது கூட வேண்டாம்.

மதியம் வாழையிலைச் சோறு. அவள் கேட்டாள், "பஸ்ல அப்படி என்னதான் அங்கிள் பண்ணுவீங்க, ஆறு மணி நேரம்?"

என்ன பண்ணவில்லை. கேமரன் மலை ஏறும்போது வாந்தி எடுப்பவருக்கு எலுமிச்சம்பழம். இறங்கும்போது பாட்டுப் போட்டி, இடப்பக்க சீட்டு, வலப்பக்க சீட்டு என்று இரண்டு கட்சி. யாரோ ஒரு ஆன்டி வீட்டிலிருந்தே வடை சுட்டுக்கொண்டு வந்து டிரைவரிலிருந்து கடைசி சீட்டு வரை கொடுப்பார். "உங்க பையன் எங்க வேலை செய்யிறான்?" என்று பின் சீட்டில் குரல் கேட்டால் நான் மைக்கை அணைத்துவிடுவேன், பேச்சு நடக்கட்டும் என்று. எனக்குத் தெரிந்து நாலு கல்யாணம் என் பஸ்ஸில் பேசி முடிந்தது. ஒன்றுக்குத்தான் அழைப்பு வந்தது, அது வேறு விஷயம்.

யாழினி: "இப்பல்லாம் பஸ்ல எல்லாரும் ஹெட்போன் போட்டுக்குவாங்க அங்கிள்."

நீதானேம்மா அதைச் செய்கிறாய் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சோறு அவள் வாங்கிக் கொடுத்தது.

கடைசி நிறுத்தத்துக்கு சொந்தக் கதை ஒன்று வேண்டுமாம். "உங்க லைஃப்ல நடந்தது ஏதாச்சும்."

18 ஜூலை, வெள்ளி

பிரிக்பீல்ட்ஸ் போய் வழியைச் சரிபார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

குறிப்பு:
பூக்கடை: இருக்கிறது, வரிசை மாறிவிட்டது.
பார்வையற்றோர் மசாஜ் கடைகள்: இருக்கின்றன. நடைபாதையில் பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள், அவர்கள் கோல் இடிக்காதா.
கேசட் கடை: கைப்பேசி உறை விற்கிறது.
முறுக்கு அண்ணே: இல்லை. மகள் இருக்கிறார். முறுக்கு அதே.
சாலை கடக்க: சிக்னல் விளக்குக்கிட்டே மட்டும். (கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.)

ரயில்வே குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் உயரக் கட்டடம். வாசலில் காவலுக்கு ஜாகா உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பெண்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். "இங்க பாருடி, மேப்ல இதான் காட்டுது. பதினெட்டாவது மாடி. கதவுக்கு நம்பர் அனுப்பியிருக்காங்க." வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது, நம்பரை அமுக்கி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

முன்பு ஒருவர் இந்தியா போனால் சுபாங் விமான நிலையத்துக்கு மூன்று வேன் போகும். மாலை, பழம், மைலோ டின், கோடரித் தைலம். தாத்தா முதல் கைக்குழந்தை வரை மாடியில் நின்று விமானம் கண்ணுக்கு மறையும் வரை கை ஆட்டுவோம். மூன்று வாரத்தில் திரும்பி வருகிறவருக்கு அத்தனை அழுகை. இப்போது என் அக்கா மகன் ஜப்பான் போய் வந்ததே அவன் போட்ட படங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அந்த அழுகையை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்தக் கட்டடத்துக்கு எதிரேதான் கடைசி நிறுத்தம். சொந்தக் கதையும் அங்கேயே இருக்கிறது. சரோவிடம் அனுமதி கேட்க வேண்டும்.

22 ஜூலை, செவ்வாய்

சரோ நேற்று முழுக்க மறுத்தாள். "என் கதைய எதுக்கு ஊரெல்லாம் கேட்க வைக்கிறீங்க?" காலையில் பசியாறும்போது தானாகவே, "என் பேரச் சொல்லாம சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன். பெண் பார்க்க வந்த கதை. மாமனார் ரயில்வே கிளார்க், இங்கே குவாட்டர்ஸ். எல்லா வீடும் ஒரே அச்சு. நானும் அம்மாவும் கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்து பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டோம். அந்த வீட்டுக்காரம்மா யாரென்று கூடக் கேட்கவில்லை. தேத்தண்ணி, பலகாரம் வந்துகொண்டே இருந்தது. நானும் தின்றுகொண்டே இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்: "அப்பா, மாப்பிள்ளை பக்கத்து வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்காரு." அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் முடிவு பண்ணினேன், முகத்தைப் பார்த்து இல்லை.

பஸ்ஸில் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இன்று கடைசி வரியில் தொண்டை அடைத்தது. வீடும் இல்லை, வேலியும் இல்லை, அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவும் இல்லை. யாழினி நிறுத்தச் சொல்லவில்லை. "அப்படியே வச்சுக்கலாம் அங்கிள்," என்றாள்.

கதை முடிந்ததும் மறக்காமல் வழி சொன்னேன்: "இப்ப ரோட்டக் கடந்து வலது பக்கம் வாங்க, நான் முன்னால போறேன்." அங்கே தேத்தண்ணிக் கடையில் நடை முடிகிறது.

29 ஜூலை, செவ்வாய்

ஆப்பில் வந்துவிட்டது. யாழினி லிங்க் அனுப்பினாள். சரோ சமையலறையில் நின்றபடியே முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "கேசரின்னு சொல்லியிருக்கீங்க. அது சுசியம்."

பக்கத்து வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு நேரம் வேலியோரம் நின்றிருக்கிறாள். நாற்பது வருடம் கழித்துத் தெரிகிறது.

6 ஆகஸ்ட், புதன்

பல் வலி. கிராம்பு.

கேட்டவர்கள் எழுதியதை யாழினி அனுப்புகிறாள். "சொந்த மாமா கூட்டிட்டுப் போன மாதிரி இருந்தது." "கடைசிக் கதையில் அழுதுட்டேன்." அனுப்பியதையெல்லாம் மூன்று மூன்று தடவை படித்தேன். சரோவுக்குத் தெரியாமல் நாலாவது தடவையும்.

ஞாயிறு நடைக்கு ஏற்பாடு: நீலச் சட்டை, காலர் மாற்றத் தையல்காரரிடம். தொப்பி. குடை. மைக் வேண்டாம், பத்துப் பேருக்கு என் வாயே போதும். பழைய பஸ் டிரைவர் பாக் மானுக்குப் போன் போட்டேன். என்னோடு இருபது வருடம் ஓட்டியவர், மலாய்க்காரர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். "நான் இப்ப பேரப்பிள்ளைங்களுக்குத்தான் டிரைவர் மணியம். நீ ஆரம்பி லா, நான் டூரிஸ்ட்டா வரேன்."

12 ஆகஸ்ட், செவ்வாய்

யாழினி போன். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"அங்கிள், ரேட்டிங் சூப்பர். அதான் ப்ராப்ளம். ஆப்லயே இவ்ளோ நல்லா போகுதே, லைவ் எதுக்குன்னு மேனேஜ்மென்ட் சொல்லுது."

சுமாராகப் பேசியிருந்தால்?

"அப்பவும் லைவ் வந்திருக்காது அங்கிள்," என்றாள். உண்மைதான்.

இன்னொன்று. அடுத்து கிள்ளான், பினாங்கு செய்யப்போகிறார்கள். நான் வர வேண்டியதில்லையாம். இருக்கும் பதிவை வைத்து கம்ப்யூட்டரே என் குரலில் பேசிக்கொள்ளும். ஒரு படிவம் அனுப்புகிறார்கள், கையெழுத்துப் போட்டால் போதும். பிறந்த ஊர் கிள்ளான். அதைப் பற்றி யாரோ எழுத, என் குரல் வாசிக்கும், நான் வீட்டில் உட்கார்ந்து மருந்து சாப்பிடுவேன்.

"நான் ரொம்பக் கேட்டுப் பார்த்தேன் அங்கிள். சாரி." அவள் மேல் கோபம் இல்லை. மற்ற எல்லார் மேலும் இருக்கிறது.

சரோ படிவத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். "போடறதும் போடாததும் உங்க இஷ்டம். ஆனா ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க, அதக் கேட்டுட்டு யாராச்சும் நடக்குறாங்களான்னு."

சட்டை தையல்காரரிடம்தான் இருக்கிறது. போய் வாங்கவில்லை.

16 ஆகஸ்ட், சனி

காலை பத்து மணி. வெயில், லேசான காற்று. குவாட்டர்ஸ் கட்டடத்துக்கு எதிரே, மரத்தடியில் நின்றேன். அரை மணி நேரம் ஒருவரும் இல்லை. கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், தனியாக, காட்டன் சேலை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. காதில் மாட்டியிருந்தார். சரியாக நான் நிற்கச் சொன்ன இடத்தில் வந்து நின்றார். அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார், பிறகு இல்லாத வீட்டைத் தேடுகிறவர் மாதிரி தரையைப் பார்த்தார். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு. பலகாரம் வந்துகொண்டே இருக்கும் இடம் அது. முன் சீட்டு ஆட்கள் எப்போதும் அங்கேதான் சிரிப்பார்கள்.

என்னால் முடியவில்லை. பக்கத்தில் போய், "அம்மா, வணக்கம். நீங்க கேட்குறீங்களே, அது—" என்றேன்.

அவர் ஒரு காதில் இருந்ததை மட்டும் எடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் போல, பேச்சில் தெரிந்தது. கோபமில்லை, நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"ஒரு நிமிஷமுங்க. இவரு பேசி முடிச்சிரட்டும்."

திரும்ப மாட்டிக்கொண்டார்.

சரி என்று நின்றேன். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேலி, துணி, அந்தக் குரல். தொண்டை அடைக்கும் இடம் வந்தபோது அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பெருமையாக இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. என் மேலேயே எனக்குப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கதை முடிந்தது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சரிபண்ணிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தேன். அதற்குள் அவர் காதில் நான் வழி சொல்ல ஆரம்பித்திருப்பேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, விளக்குக்காகக் காத்திருந்து, சாலையைக் கடந்து, வலது பக்கம் திரும்பினார்.

நான் முன்னால் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் பின்னாலேயே போய்விட்டார்.