கடைசி இலக்கம் நான்கு

மார்ச் 3
ஏலப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் நான் ‘அசல்’ என்று சான்று கொடுத்த வெள்ளிக் காசு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. வெள்ளைக்காரன் காலத்தது, அந்த வருஷத்துக் காசு உலகத்தில் ஏழெட்டுதான் மிச்சம் என்பார்கள். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நம்ம கல்யாண ஃபோட்டோவக்கூட நீ இப்படிப் பாத்ததில்ல” என்றார் வீட்டுக்காரர். சிரித்தேன். ஆனால் மனசில் ஏதோ நெருடுகிறது.

மார்ச் 4
நெருடுவது அந்த வருஷம்தான். கடைசி இலக்கம் நான்கு. மற்ற இலக்கங்கள் காசோடு சேர்ந்து எழும்பியிருக்கின்றன. நான்கின் சாய்கோடும் குறுக்குக்கோடும் மட்டும் மேலே ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கின்றன.

மார்ச் 5
காலை முழுக்க நுண்ணோக்கி. சந்தேகமே இல்லை. காசு அசல், வருஷம் பொய். எங்கும் கிடைக்கிற காசில், வெள்ளித் துணுக்கைப் பற்றவைத்து ‘1’-ஐ ‘4’ ஆக்கியிருக்கிறான் எவனோ.

நான் என்ன செய்தேன்? எடை போட்டேன். தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்த்தேன். விளிம்பைப் பார்த்தேன். எல்லாம் சரி — சரியாகத்தானே இருக்கும், காசு அசலாயிற்றே! உலோகத்தைத் துருவித் துருவிக் கேட்டவள் வருஷத்தை ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினாறு வருஷ அனுபவமாம். தூ.

மார்ச் 6
ஏலக் கம்பெனி முதலாளியிடம் சொன்னேன்.
“ஏலத்துக்கு ஒம்பது நாள்தான் இருக்கு. நீங்க சொல்லலன்னா யாருக்கும்மா தெரியப்போகுது?”
“எனக்குத் தெரியும் சார்.”
“கையெழுத்துப் போட்டதே நீங்கதானே?”
“அதனாலதான் சார் சொல்றேன்.”
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். அதுவும் அட்டையில் போட்ட பூசணிக்காயை! என்னால் முடியாது.

மார்ச் 7
காசுக்குச் சொந்தக்காரர் ஒரு தையற்காரர்; அவருடைய அப்பா விட்டுப்போன காசு. அவர் கடைக்கு நானே போய்ச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைக்காமலே கேட்டார்.
“அப்போ எங்கப்பா என்னை ஏமாத்திட்டாராம்மா?”
“அப்பாவையே யாராவது ஏமாத்தியிருப்பாங்க அண்ணே.”
“பொண்ணு காலேஜுக்கு இதத்தான் நம்பியிருந்தேன்.”
நான்தானே நம்ப வைத்தேன்? வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் நாளைக்குக் கடிதம் போகும்.

மார்ச் 8
சான்றைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, ஏலத்துக்குப் பதிந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டேன். ‘கவனக்குறைவு ஏற்பட்டது’ என்று மழுப்பவில்லை. ‘தவறு என்னுடையது’ என்றே எழுதினேன்.

மார்ச் 10
வேலை போயிற்று.

ஏப்ரல் 2
வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. தப்பு செய்ததைத் தானே தண்டோரா போட்டவளிடம் யார் வருவார்கள்? இருக்கட்டும். மறுபடி எழுதச் சொன்னாலும் அதே கடிதத்தைத்தான் எழுதுவேன்.

மே 11
காலையில் கதவு தட்டினார்கள். முதலாளி, தனியாக. கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு பொற்காசு.
“கம்பெனிக்கு இல்லம்மா. எனக்கே வாங்கலாம்னு பாக்கறேன். இப்ப ஆபீஸ்ல உங்க எடத்துல இருக்கறவர் அசல்னுதான் சொல்றார்.”
“அப்புறம் என்ன சார்?”
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, காசை என் கையில் வைத்தார்.