துரை கொடுத்த காகிதம்

6-8-79, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயல. மண்ணெண்ணெய் தீர்ந்தாச்சு.

எட்டாம் வகுப்பு: வெள்ளையர் ஆட்சி கடல் தாண்டி விரிந்த காரணங்கள், ஐந்து. மனப்பாடம். ராஜாத்தி எழுந்து, "அவங்கதான் போய்ட்டாங்களே டீச்சர், அவங்க நட்ட கல்லு மட்டும் இன்னாத்துக்கு எங்க கொல்லையில?" அது அஞ்சுல இல்ல. உட்காருன்னேன்.

சாயந்திரம் அவ அப்பா, ஊர்க்கவுண்டர், மூங்கில் குழாயோட வந்தார். வியாழக்கிழமை காட்டிலாகா ரேஞ்சர் வர்றாராம். வெள்ளைக்காரன் நட்ட எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் சாமைக் கொல்லை, புளியமரம் எல்லாம் சர்க்கார் காடாம். பதினாறு வூட்டுக்கும் சோறு அதுலதான். குழாய்க்குள்ள அவர் தாத்தாவுக்கு ஒரு துரை கொடுத்த காகிதம். ஆடிக்கு ஆடி மஞ்சள் குங்குமம் பூசிக் கும்பிடறாங்க. இங்கிலீஷ். யாரும் படிச்சதே இல்ல.

மேல் பக்கத்தை மட்டும் படிச்சேன். பயிர் வைக்க அனுமதி. முத்திரை. "நல்லதுங்க, நிலம் உங்களுக்குத்தான்"னுட்டேன். அவர் கண் கலங்கிடுச்சு. எனக்கும் பெருமை, பொய் எதுக்கு. முழுசா பார்த்துத் தர்றேன்னு வாங்கி வச்சுக்கிட்டேன்.

7, செவ்வாய்
மழை. தலைவலி.
காகிதம் தடிமனா இருக்கேன்னு பார்த்தா ரெண்டு தாள்! மஞ்சள்ல ஒட்டிக்கிடக்கு. கஞ்சிப் பானை ஆவியில காட்டிப் பிரிச்சேன். அடித்தாள்: எல்லைக்கல் நடும் வரைதான் அனுமதி. நட்ட பிறகு எனக்கும் என் வாரிசுக்கும் உரிமை இல்லை, சொன்னதும் காலி செய்கிறேன். கீழே தாத்தா கைநாட்டு.

அகராதி வச்சு மூணு தரம் பார்த்தேன். அதேதான். மாதாவே! அவசரக்குடுக்கை, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா?

அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. போட்டிருக்கலாம். கை வரல. அவங்க கும்பிடற காகிதம்.

8, புதன்
கவுண்டர் வூட்டுக்குப் போனேன். சேவல் அறுத்து சாமி கும்பிட்டு முடிச்சிருக்காங்க, நான் சொன்ன நல்ல சேதிக்காக. அடித்தாளைத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன். ரேஞ்சர்கிட்ட மட்டும் காட்டாதீங்கன்னு கெஞ்சினேன்.

"முந்தாநாள் ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? யாராவது வந்து மிரட்டினாங்களாம்மா? நீங்களும் சர்க்கார் சம்பளந்தானே." காகிதத்தை என் கையிலிருந்து எடுத்துக்கிட்டார். ஒரு வாய் கறி சாப்பிடச் சொன்னாங்க. வேணாம்னு வந்துட்டேன்.

9, வியாழன்
மூடுபனி. பதினோரு மணிக்கு ஜீப். ரேஞ்சர் சின்ன வயசு, மரியாதையான ஆள். வந்ததும் சொன்னார்: "இந்தப் பக்கத்து பழைய ரெக்கார்டு ஆபீஸ்ல இல்லீங்க, கரையான் அரிச்சிடுச்சு. ஆதாரம் இல்லாம காலி பண்ணச் சொல்ல முடியாது. சும்மா பார்த்துட்டுப் போறோம்."

அப்பாடா! கவுண்டரைப் பார்த்து வேணாம் வேணாம்னு தலையாட்டினேன். அவர் குழாயை ரெண்டு கையாலயும் நீட்டிட்டார். "எங்ககிட்ட இருக்குதுங்க."

ரேஞ்சர் மேல்தாள் படிச்சார். திருப்பினார். அடித்தாள் படிச்சார். ரொம்ப நேரம். "பெரிய உபகாரம் பண்ணீங்க"ன்னு பைல்ல வச்சு நாடாவைக் கட்டினார்.

ஜீப் போனதும் கவுண்டர் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா டீச்சரம்மா, எவ்ளோ மரியாதையா வாங்கிக்கினாரு!"