அச்சகத்தின் பெயர் வரை படித்தவர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த வரியைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் சௌக்கியம், அப்பா சௌக்கியமாகி வருகிறார். பதறாமல் முழுவதையும் படி. உன் சௌக்கியத்தை வழக்கம்போல் நான் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்பது போகப்போகத் தெரியும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய், போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பதில் சொல்லிவிடுகிறாய், கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. வரைபட அலுவலக வேலையை விட்டுவிட்டு அடுத்த பிறந்தநாளுக்குள் சொந்தமாக அலுவலகம் திறக்கப் போகிறாய், பாதியில் நின்ற மேற்படிப்பை முடிக்கப் போகிறாய், மாரத்தான் ஓடப் போகிறாய், போதாததற்குப் புதிதாக ஒரு மொழி வேறு. இத்தனையும் ஒரே வருஷத்தில் என்றால் உனக்குப் பதிலாகத் தூங்குவதற்கு யாரையாவது சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறாயா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கடைசியில், ஆசீர்வாதம் மட்டும் பண்ணும்மா, அட்வைஸ் வேணாம் என்று சொல்லியிருந்தாய். அதற்கு இத்தனை நாளாக நான் பதில் அனுப்பவில்லை. நீ கோபமாக இருப்பாய் என்று தெரியும். பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உன் திட்டம் இல்லை, அப்பாவின் திட்டம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஒரு வேன் வாங்கும் ஆசை வந்திருக்கிறது. பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்பக்கத்தில் நாற்காலி, லென்ஸ் பெட்டி, எழுத்து அட்டை எல்லாம் வைத்து, நம் மூக்குக்கண்ணாடிக் கடை தேடி வர முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்குத் தானே ஓட்டிப் போய்க் கண் பார்த்துக் கண்ணாடி கொடுப்பதாம். நல்ல எண்ணம்தான். இந்த வயசில் ஆரம்பிக்கிற வேலையா என்று கேட்டால், இப்போ ஆரம்பிக்கலைன்னா எப்போ என்று கேட்கிறார். வேனுக்கு என்ன நிறம் அடிப்பது என்பது வரை முடிவாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான், பெரிய வண்டி ஓட்டுவதற்கு உரிமம் எடுக்க வேண்டும், அதற்குக் கண் மருத்துவரிடம் பார்வைச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஊரார் கண்ணைப் பார்த்த எனக்கே சான்றிதழா என்று சிரித்தார். இருந்தாலும் ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் கடையை அடைக்கும் முன் கண் சோதிக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார், குச்சியை என் கையில் கொடுத்து என்னை அட்டைப் பக்கம் நிற்கச் சொன்னார். நம் சோதனை அறையைத்தான் உனக்குத் தெரியுமே, நீளம் போதாது, அதனால் அட்டையை நாற்காலிக்குப் பின்னால் தலைக்கு மேலே மாட்டி எதிர்ச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கிறோம், அட்டையில் எழுத்துகள் இடம் வலம் மாறி இருக்கும், உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே நேராகத் தெரியும். நான் குச்சியை வைத்தேன், அவர் படித்தார். பெரிய எழுத்து, அடுத்தது, அதற்கடுத்தது, தயக்கமே இல்லை, குச்சி போவதற்கு முன்பே வாய் போயிற்று. கடைசி வரியையும் முடித்துவிட்டு, அதற்கும் கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்தவர்கள் தங்கள் அச்சகத்தின் பெயரைப் போட்டிருப்பார்கள் இல்லையா, அதையும் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த எழுத்தை அட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் நானே கிட்டே போய் உற்றுத்தான் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து அதைப் படிக்கக் கழுகுக்கும் முடியாது.

அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. இத்தனை வருஷம் அந்த ஒரே அட்டையின் முன்னால் நின்றவர், அவருக்குப் படிக்கக் கண் எதற்கு. கொஞ்ச நாளாகவே கண்ணாடிச் சட்டத்தில் திருகாணி போடும் வேலை முழுக்க என் பக்கம் வந்துகொண்டிருந்தது, கை நடுங்குது என்றார், நம்பினேன். பேப்பர்காரன் மையை மிச்சம் பிடிக்கிறான் என்று தினமும் திட்டினார், சிரித்தேன். நான் பின்னால் கிடந்த இன்னோர் அட்டையை எடுத்து வந்தேன், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது, மூன்று பல் சீப்பு மாதிரி ஒரே உருவம்தான் அதில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும், பல் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும். இதை மனப்பாடம் பண்ண முடியாது, ஏனென்றால் நான் அட்டையையே சுழற்றிவிடலாம். எனக்கு எதுக்கு இது என்று கேட்டார், விளையாட்டுக்குத்தான் என்றேன். முதல் வரிக்கு விரல் சட்டென்று எழுந்தது, இரண்டாவதற்கு மெதுவாக. மூன்றாவது வரியில் விரல் எழுந்தது, ஆனால் எந்தப் பக்கமும் காட்டவில்லை. பல்பு மங்கிடுச்சு போலிருக்கு என்றார். நான் பல்பை மாற்றினேன். புது பல்பிலும் அப்படியே இருந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியில் தெருவைக் கடக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், இத்தனை நாளும் அப்படித்தான் பிடித்திருக்கிறார், அது பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாசமும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை.

கண் மருத்துவரிடம் காட்டினோம், இரண்டு கண்ணிலும் புரை. முற்றிப் போயிருந்தது. ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார், இன்னொன்று அடுத்த மாதம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னார், சரி என்றது நான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேனே, அவர் பக்கத்து அறையில் கண்ணில் மூடியோடு படுத்திருந்தார். நீ நம்பினாய். நன்றாகத்தான் நடித்தேன் போலிருக்கிறது. அவர் எத்தனை நாள் அப்படித் தெரியாமல் மற்றவர்களுக்குக் கண் பார்த்தார் என்று எனக்குக் கவலை வந்து, சமீபத்தில் கண்ணாடி வாங்கியவர்களை எல்லாம் திரும்ப வரச் சொல்லி வேறொருவரை வைத்துச் சோதித்துவிட்டோம். பார்ப்பது அவர்கள், கேட்பதுதான் இவர் வேலை, அதனால் பெரிதாகத் தப்பு ஒன்றும் இல்லை, ஒரே ஒருவர் மட்டும் இதுதான் எனக்கு வசதியாக இருக்கிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். மூடியை எடுத்த அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்து, உனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா என்று கேட்டார். ஊருக்கே தெரிந்த விஷயம், உங்களுக்குத்தான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது என்றேன். அடுத்த நாள் கடைக்குப் போனவர் உட்காரவே இல்லை, சுவரில் இத்தனை அழுக்கா, கூரை மூலையில் இவ்வளவு ஒட்டடையா, இதில் உட்கார்ந்துகொண்டா ஊருக்குக் கண்ணாடி கொடுத்தோம் என்று துடைப்பத்தை எடுத்துவிட்டார். வேன் ஆசை போய்விட்டதா என்றால் போகவில்லை. ஓட்டுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், வாரத்துக்கு ஒரு நாள் போதும், முதலில் இந்தக் கடை ஒழுங்காகட்டும் என்கிறார். நிறம் மட்டும் மாறவில்லை, அதே மஞ்சள்தான், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இதில் என்னை விடாமல் அரித்தது என்னவென்றால், அவர் பொய் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தபோது எல்லாம் தெரிகிறது என்று முழு மனசோடு நம்பித்தான் படித்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், கண் கூடவா தெரியாது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூடியை எடுத்ததற்கு அடுத்த ஞாயிறு நீ வீடியோவில் கூப்பிட்டாய். எப்படி இருக்கே என்று நான் கேட்டேன், நல்லா இருக்கேம்மா, வேலை போயிட்டிருக்கு, சமைச்சு சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன் என்று சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்கு அப்பா அட்டை படித்ததுதான் ஞாபகம் வந்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய வாரமும் அதேதான், அதற்கு முந்தைய வாரமும் அதேதான், வரிசைகூட மாறவில்லை, நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே உன் வாய் போய்விடுகிறது. நீயும் பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை, அப்பா சொன்னது பொய்யா என்ன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை பிரிந்து போய் நீ இந்த வீட்டுக்கு மாறியதிலிருந்து எப்போதும் ஒரே மூலையில் உட்கார்ந்துதான் பேசுகிறாய், பின்னால் அந்தச் செடி, கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று பகல் வெளிச்சம் உன் எதிரே இருந்து வந்தது, அலமாரிக் கதவில் உன் அறை முழுவதும் தெரிந்தது. எழுத்தைத் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் படித்தே காலம் தள்ளியவள் நான் என்பதை நீ மறந்துவிட்டாய். சுவரோரம் கூரைக்குப் பாதி உயரம் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன, ஒட்டிய டேப்கூடப் பிரிக்கவில்லை. தரையில் ஒரு மெத்தை. மேல் பெட்டியில் உன் கையெழுத்தில் பெரிதாக, சமையலறை என்று எழுதியிருந்தது. நீ வீடு மாறி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சமையலறை இன்னும் பெட்டிக்குள் இருந்தால் எதில் சமைத்தாய், எதில் சாப்பிட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன், நீ அவசரம் என்று வைத்துவிட்டாய்.

அன்று அப்பாவும் இருந்தார். உனக்குத் தெரியக் கூடாது என்று கதவோரமாக, போனின் பார்வைக்கு வெளியே நின்றுகொண்டு, புதுக் கண்ணால் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் நீ பேசி வைத்ததும் பொண்ணு தெளிவா இருக்கா, கொஞ்சம் பூசினாப்பல இருக்கா என்று சொல்வது வழக்கம், நானும் ஆமாம் என்பேன். அன்று அப்படி இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவ ஏன் இப்படி இளைச்சிருக்கா, எப்போலேர்ந்து இப்படி இருக்கா என்று என்னைக் கேட்டார். அவருக்காவது புரை இருந்தது, எனக்கு என்ன இருந்தது என்று இதை எழுதும் இந்த நிமிஷம் வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் உன் திட்டத்தில் எதையும் விடு என்று நான் சொல்லவில்லை. அலுவலகம் திற, படி, மொழி கற்றுக்கொள், ஓடு, ஓடும்போது முழங்கால் வலித்தால் நில், அவ்வளவுதான். அவற்றில் எது முதலில், எது பிறகு, எது உனக்கே உண்மையில் வேண்டும், எது அந்த அறையைப் பார்க்காமல் இருப்பதற்காக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, உனக்கும் இப்போது தெரியாது என்று நினைக்கிறேன். நான் உன்னைக் கேட்பது ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனைத் திருப்பிப் பிடி. உன் முகம் வேண்டாம், அறையைக் காட்டு, பெட்டிகளைக் காட்டு, அடுப்பைக் காட்டு. அதற்காகக் கூட்டிப் பெருக்கி வைக்காதே, அப்படிச் செய்தால் அதுவும் மனப்பாடம்தான். நான் அட்வைஸ் சொல்ல மாட்டேன், வாயைத் திறந்தால் அப்பா கிள்ளுவதாக ஒப்பந்தம். எங்கள் பக்கமும் திருப்புகிறேன், கட்டில் பக்கத்தில் சொட்டு மருந்துப் புட்டிகள், இங்கே உன் பழைய அறை முழுக்க வேனுக்காக அப்பா வாங்கிப் போட்ட சாமான்கள், துவைக்காத துணி மூட்டை, எல்லாம் பார்த்துக்கொள். அதன் பிறகு சமையலறைப் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் போனை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிரி, முடியும் வரை நான் இந்தப் பக்கம் இருக்கிறேன். தோன்றாவிட்டாலும் இருக்கிறேன்.

நீ கேட்ட ஆசீர்வாதத்தை அந்தக் குரல் செய்தியைக் கேட்ட அன்றே கொடுத்துவிட்டேன், சொல்லத்தான் தாமதமாயிற்று. அதற்கு நிபந்தனை எதுவும் கிடையாது, நீ எதை முடித்தாலும் எதைப் பாதியில் விட்டாலும் அது உன்னுடையதுதான். உடம்பும் மனசும் தெம்பாக நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, சமைக்க முடியாத நாளில் வாங்கியாவது சாப்பிடு, சமைத்தேன் என்று மட்டும் சொல்லாதே. உன் மூக்குக்கண்ணாடியின் இடது காதுக் கம்பி தளர்ந்து சரிவதையும் அன்று பார்த்தேன், பக்கத்தில் ஏதாவது கடையில் இறுக்கிக்கொள், நீயாக வளைக்காதே, உடைத்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இந்தத் தடவை அவருக்கு நீ தெரிவாய்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா